கடைவாசல் கரும்பலகை: ஓர் இலக்கண ஆராய்ச்சி

பாயிரம்

நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் விதி. ஆக்கியவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எப்படித் தொடுத்தது, எதைப் பற்றியது, யார் கேட்பார்கள், கேட்டால் என்ன பயன். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இதை எழுதியபோது மளிகைக் கடைகளை மனத்தில் வைத்திருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. வைத்திருக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே ஆராயலாம்.

ஆய்வுக்களம் சென்னைப் புறநகரில் ஒரு தெருமுனை. அங்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சியின் மளிகைக் கடை. ஆய்வுப்பொருள் மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள ஒரு கரும்பலகை. அது இன்னும் வாங்கப்படவில்லை. வாங்கி வாசலில் நிறுத்தி, நாள்தோறும் அதில் எதையாவது எழுதி ஊரோடு உறவாடுவதா வேண்டாமா என்பதே ஆய்வுக் கேள்வி.

கேள்வியைக் கிளப்பியவர் அண்ணாச்சியின் மருமகன். வணிக மேலாண்மை படித்தவர். தீபாவளிக்கு வந்த இடத்தில், "மாமா, சும்மா சரக்கு வித்தா மட்டும் போதாது. தினம் ஏதாவது எழுதிப் போடணும். ஜனங்களோட பேசணும்" என்றார்.

"காலையில அஞ்சு மணியில இருந்து பேசிக்கிட்டுத்தானே மாப்ளே இருக்கேன்?" என்றார் அண்ணாச்சி.

இவ்விரு கூற்றுகளிலிருந்தும் இரு கட்சிகள் பிறந்தன. 'எழுதுக' என்பார் கட்சி, 'எழுதற்க' என்பார் கட்சி. முதல் கட்சியில் மருமகனும் பாடப்புத்தகங்களும். இரண்டாம் கட்சியில் அண்ணாச்சியும் அவருடைய முழங்கால் வலியும்.

'எழுதுக' கட்சியார் முன்னோர் வழக்கை நிரம்பக் காட்டுவர். அமெரிக்காவில் ஏர் விற்ற ஜான் டியர் நிறுவனம் 1895இல் உழவர்களுக்கென்று 'தி ஃபர்ரோ' என்ற இதழைத் தொடங்கியது. அது இன்றும் வெளிவருகிறது. பிரான்சில் டயர் விற்ற மிஷலின் சகோதரர்கள் 1900இல் வழிகாட்டி நூல் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். வண்டி ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் டயர் விற்கும் என்பது கணக்கு. நம் பக்கத்துச் சான்று இன்னும் வலுவானது. 1893இல் அமிர்தாஞ்சன் தைலத்தைக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1908இல் 'ஆந்திர பத்திரிகா'வைத் தொடங்கினார். தலைவலி மருந்து விற்றவர் பத்திரிகை தொடங்கியதில் எது காரணம், எது காரியம் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

'எழுதற்க' கட்சியாரும் இதே வரலாற்றிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக் காட்டுவர். தாம் இலவசமாகக் கொடுத்த வழிகாட்டி நூல்களை ஒரு டயர் கடையில் வேலைமேசைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்ததை ஆந்த்ரே மிஷலின் பார்த்துவிட்டாராம். 1920 முதல் நூலுக்கு விலை வைத்தார்கள். நம் மளிகைக் கடைகளில் முட்டுக்கொடுக்கும் கட்டம்கூட வராது. இலவசத் தாள் எதுவானாலும் கடுகுப் பொட்டலம் ஆகிவிடும்.

எழுத்ததிகாரம்

கரும்பலகைக்கு முதல் தேவை எழுதுகிறவர். அண்ணாச்சிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் அது கணக்குக் கையெழுத்து. 'து.ப. ½, உ. 1, ந.எ. ¼' என்று மட்டுமே ஓடும். துவரம்பருப்பு என்று முழுதாக எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. கடைப்பையனுக்கு எழுத்து முத்துமுத்தாக வருகிறது. ஆனால் பங்குனியிலும் சித்திரையிலும் ஊரில் கோவில் கொடை என்று கிளம்பிவிடுவான். ஒரு வாரம் என்று போனால் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் பலகை என்ன சொல்லிக்கொண்டு நிற்கும் என்பதைச் சொல்லதிகாரத்தில் காண்க.

இரண்டாவது, நேரம். எழுத உகந்த பொழுது காலை என்பார் மருமகன். காலை ஐந்துக்குப் பால் வண்டி வரும். ஆறுக்குப் பேப்பர். ஆறரை முதல் எட்டரை வரை, பள்ளிக்கு அனுப்பும் வீடுகளிலிருந்து ஒரு முட்டை, ஒரு ரொட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், 'மிச்சம் அப்புறம் தர்றேன் அண்ணாச்சி'. இந்த இரண்டு மணி நேரத்தில் சாக்பீஸைக் கையில் எடுப்பவர் கடையை விரைவில் மூடுவார். மதியம் இரண்டுக்கு ஓய்வு உண்டு. ஆனால் மதியம் எழுதியதைப் படிக்கத் தெருவில் நாயைத் தவிர யாரும் இருப்பதில்லை.

மூன்றாவது, பிழை. 'புளுங்கல் அரிசி வந்துள்ளது' என்று எழுதினால் என்ன நடக்கும்? ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நிற்பார். ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் உண்டு. இல்லாத தெருவைக் காட்டினால் இவ்வாராய்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயார். ழகரத்தைத் திருத்துவார், 'வாழைபழம்' என்பதில் விட்டுப்போன பகர ஒற்றை வெற்றிலைச் சுண்ணாம்பால் சேர்ப்பார், வலி மிகும் இடங்களைக் கடைப்பையனுக்கு விளக்குவார், அரிசி வாங்காமல் போவார். பலகை வைக்கும் கடைக்கு முதலில் கிடைக்கும் வாசகர் இவரே. தவறாமல் வருபவரும் இவரே. எழுத்துப் பிழை இல்லாத நாளில் மட்டும் ஏமாற்றத்தோடு கடந்து செல்வார்.

சட்டம் எழுதச் சொல்பவை தனி. பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும். வரிப் பதிவு எண் எழுத வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். உணவு உரிமச் சான்றை மாட்ட வேண்டும். இவற்றை யாரும் படிப்பதில்லை. அதிகாரி வருகிற அன்று அதிகாரி படிப்பார். இவை இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு வெளியே.

சொல்லதிகாரம்

இனி, என்ன எழுதுவது. மருமகனின் பரிந்துரை 'தினம் ஒரு நல்ல சிந்தனை'. உழைப்பே உயர்வு, சிரித்து வாழ வேண்டும், நேரம் பொன் போன்றது. இத்துறையில் போட்டி அதிகம் என்பதை அவர் கவனிக்கவில்லை. அரசுப் பேருந்தில் ஏறினால் குறள் இருக்கிறது. தேவாலய வாசலில் வசனம் இருக்கிறது. தெருமுனையில் திராவிடர் கழகத்தாரும் பொதுவுடைமைக் கட்சியாரும் பல்லாண்டுகளாகப் பலகை எழுதி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொள்கை இருந்தது, விடியுமுன் எழுந்து எழுதத் தொண்டர்கள் இருந்தார்கள். உளுத்தம்பருப்புக்குத் தொண்டர்கள் கிடையாது.

நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து என்று நன்னூல் எண்ணிச் சொல்கிறது. கடைப்பலகைகளில் வைத்துப் பார்த்தால் பத்தும் தெளிவாகக் கிடைக்கின்றன. 'நல்லெண்ணெய்' என்று மட்டும் எழுதி, இருக்கிறதா தீர்ந்துவிட்டதா என்று சொல்லாமல் விடுவது குன்றக்கூறல். 'உலகத் தரம் வாய்ந்த பொரிகடலை' மிகைபடக் கூறல். 'தரமான தரம்' கூறியது கூறல். மேலே 'ஒரே விலை', கீழே 'மொத்தமாக வாங்கினால் விலை குறையும்' என்பது மாறுகொளக் கூறல். அரிசி விலையில் தொடங்கி அரசியலில் முடிவது மற்றொன்று விரித்தல்.

ஆனால் பத்திலும் கொடியது ஒன்பதாவது: சென்று தேய்ந்திறுதல். தொடக்கத்தில் ஆரவாரமாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போவது. உலகத்தில் சிறு வியாபாரிகள் தொடங்கிய எழுத்து முயற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இறப்புச் சான்றிதழில் எழுதவேண்டிய காரணம் இது ஒன்றே. முதல் நாள் மூன்று வண்ணச் சாக்பீஸ், ஓரத்தில் பூ, நடுவில் பிள்ளையார் சுழி. முதல் வாரம் தினமும் ஒரு செய்தி. பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு 'அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்'. அந்தப் பொங்கல் வாழ்த்து ஆடி மாதம் வரை நிற்கும்.

இங்கேதான் இரு கட்சியாரும் காணத் தவறிய நுட்பம் இருக்கிறது. எழுத ஆள் உண்டா என்றே எல்லாரும் கேட்கிறார்கள். அழிக்க ஆள் உண்டா என்று கேட்பதில்லை. எழுதாத பலகையால் கடைக்கு ஒரு நட்டமும் இல்லை. அழிக்காத பலகையால் உண்டு. 'இன்று புது நாட்டுச்சர்க்கரை வந்துள்ளது' என்ற வரி மூன்றாம் வாரமும் நின்றால், படிக்கிறவருக்கு அது சர்க்கரையைப் பற்றிய செய்தியாக இருப்பதில்லை. இந்தக் கடையில் எதையும் யாரும் கவனிப்பதில்லை என்ற செய்தியாகிவிடுகிறது. விலை எழுதியிருந்தால் இன்னும் மோசம். போன மாத விலையைக் காட்டி, "போர்டுல போட்டிருக்கே அண்ணாச்சி" என்பவரோடு வாதாடி யாரும் வென்றதில்லை.

'அஃதேல், இத்தனை கடைகள் ஆண்டுதோறும் நாட்காட்டி கொடுக்கின்றனவே, அதுவும் எழுத்துத்தானே' எனின், அறியாது கூறினாய். நாட்காட்டியின் அருமை தனி. ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் வெளியாகிவிடும். அட்டையில் படம், அடியில் கடையின் பெயர், நடுவில் தாள்கட்டு. ராகு காலம், எமகண்டம், சூலம், ராசிபலன் என்று ஒரு நாளைக்கு வேண்டிய கவலை முழுவதும் அச்சாகி வந்துவிடுகிறது. இதில் கடைக்காரரின் வேலை தை பிறக்குமுன் ஒரு முறை கையில் கொடுப்பது மட்டும். அதன் பிறகு நாள்தோறும் தாளைக் கிழிப்பவர் வாடிக்கையாளர். அழிக்கும் பொறுப்பை வாசகர் தலையிலேயே கட்டிவிட்ட ஒரே ஊடகம் இது. ஒரு வீட்டில் தாள் கிழியாமல் வாரக்கணக்கில் தொங்கினால் அந்த வீட்டாரைத்தான் ஊர் ஏசும், கடையை ஏசாது. இதைக் கண்டுபிடித்த மேதை யாரென்று தெரிந்தால் அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நாட்காட்டிக்கு இணையாகச் சொல்லத்தக்க இன்னொரு எழுத்து நம்மிடம் உண்டு. 'இன்று ரொக்கம், நாளை கடன்.' நான்கே சொல். அதிலும் 'இன்று' இருக்கிறது. ஆனால் ஒருநாளும் பழையதாவதில்லை. எந்த நாளில் வந்து படித்தாலும் அன்றைக்கு அது உண்மை. புதுப்பிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம், ஒற்றுப் பிழையும் இல்லை. வணிகர் உலகம் இதுவரை எழுதியவற்றுள் முழுமை பெற்ற எழுத்து இதுவே என்பது இவ்வாய்வாளர் துணிபு. அதற்குக் கீழேயே நின்று கடன் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எழுத்தின் குறை ஆகாது.

கேட்போர் பற்றி ஒரு சொல். தமிழாசிரியரை முன்பே கண்டோம். பேருந்துக்கு நிற்பவர் படிப்பார், பேருந்து வந்ததும் மறப்பார். பள்ளிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மீதியிடத்தில் படம் வரைவார்கள். ஆனால் எல்லாரையும்விடக் கருத்தாகப் படிக்கிறவர் எதிர்க்கடைக்காரர். அண்ணாச்சி விலை எழுதினால் அரைமணி நேரத்துக்குள் அங்கே ஒரு ரூபாய் குறையும். பலகையில் எழுதுவதெல்லாம் வாடிக்கையாளருக்குப் போகுமுன் இவருக்குப் போய்ச் சேர்கிறது. மருமகனின் பாடநூல் இதைச் 'சந்தையோடு உரையாடுதல்' என்கிறதாம். அண்ணாச்சியிடம் இதற்கு வேறொரு பெயர் உண்டு. கட்டுரையில் எழுதத் தக்கதன்று.

பொருளதிகாரம்

பாண்டி நாட்டில் பன்னிரண்டு ஆண்டு பஞ்சம் வந்து நீங்கியபின், அரசன் நூல் வல்லோரைத் தேடி அழைத்தான் என்று இறையனார் அகப்பொருள் உரை ஒரு கதை சொல்கிறது. எழுத்து வல்லார் கிடைத்தார்கள், சொல் வல்லார் கிடைத்தார்கள், பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் கிடைக்கவில்லை. மற்றவை எல்லாம் இதற்காகத்தானே, இது இல்லாவிட்டால் அவை கிடைத்தும் கிடைக்கவில்லை என்று அரசன் கவன்றான். இறைவனே அறுபது சூத்திரம் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. நன்னூலிலும் இன்று கிடைப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே. கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியும்.

பலகையால் விற்பனை கூடுமா? புது ஆள் யாரும் பலகையைப் படித்துவிட்டுக் கடை மாற மாட்டார். மளிகைக் கடையைத் தேர்ந்தெடுப்பது தூரமும் கடனும்; இலக்கியத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் வேறொரு பயன் உண்டு. அதைக் கண்டுகொள்ள அண்ணாச்சியின் கடையில் ஒரு முற்பகல் நின்றால் போதும்.

"அண்ணாச்சி, இந்த அரிசிக்குத் தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

"பழசும்மா. கொஞ்சம் கூட வைக்கணும். புதுசுன்னா குறைச்சு வையுங்க, இல்லன்னா குழைஞ்சிரும்."

இதே கேள்வி அடுத்தவரிடமிருந்தும் வரும், அதற்கடுத்தவரிடமிருந்தும். பொன்னி கேட்டால் ஏன் 'டீலக்ஸ் பொன்னி' தருகிறீர்கள் என்பது இன்னொன்று. அது ஆந்திரத்துப் பாபட்லாவில் உருவான பிபிடி 5204, சம்பா மசூரி. இங்கே வந்து பொன்னி என்று பெயர் வைத்துக்கொண்டது, சோறு நன்றாகத்தான் இருக்கும் என்று அவர் ஒவ்வொருவருக்கும் சொல்கிறார். பெருங்காயத்தில் ஏன் மாவு என்று கேட்பவர்களுக்கு, சுத்தப் பெருங்காயம் பிசின், அதன் காரத்தை அப்படியே குழம்பில் போட முடியாது, மாவும் கோந்தும் சேர்த்துத்தான் எல்லாரும் விற்கிறார்கள், மூலப்பொருள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது என்று விளக்குகிறார். (இமாசலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020இல் அரசு விஞ்ஞானிகள் அதைப் பயிரிடத் தொடங்கினார்கள் என்று ஆய்வாளர் சொன்னபோது, "விளையட்டும், பாப்போம்" என்றார்.) மார்கழியில் மாவு பொங்கவில்லை, உளுந்து சரியில்லை என்று சண்டைக்கு வருபவரிடம், குளிருக்கு மாவு மெதுவாகத்தான் புளிக்கும், இன்னும் சில மணி நேரம் விடுங்கள், உளுந்தைத் திட்டாதீர்கள் என்கிறார். புளியை மாசி பங்குனியில் வாங்குங்கள், வருடத்துக்கும் சேர்த்து, உப்புப் போட்டு ஜாடியில் வையுங்கள். மிளகாய் வற்றலும் அந்தப் பருவத்தில்தான் நன்றாக இருக்கும், ராமநாதபுரத்துக் குண்டு கிடைத்தால் விடாதீர்கள், ஐப்பசி மழையில் வாங்கி அழாதீர்கள்.

இவ்வளவையும் அவர் வாய் ஓயாமல் சொல்கிறார். தொண்டை கட்டுகிறது. சொல்கிற நேரத்தில் இன்னொருவர் காத்திருந்து எதிர்க்கடைக்குப் போகிறார். எழுத்து என்று ஒன்று இந்தக் கடைக்குத் தேவை என்றால் அது இதற்குத்தான். ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்விக்கு, ஏற்கெனவே தெரிந்த விடையை, ஒரு முறை எழுதிவைப்பது. இதில் பொன்மொழிக்கு இடமில்லை. விலையும் கிடையாது, ஆகவே எதிர்க்கடைக்காரருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. 'இன்று' என்ற சொல்லும் வராது, ஆகவே அழிக்க ஆள் வேண்டாம்.

எனினும் பலகைக்குப் பணம் போடுமுன் ஒரு சோதனை நடத்தும்படி ஆய்வாளர் பரிந்துரைத்தார். கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறம் வெறுமையாக இருக்கும். அண்ணாச்சி அதில்தான் கணக்குப் போடுவார். அப்படிப் பத்துத் தாள்களில், நாளுக்கு ஒன்றாக, வாடிக்கையாளருக்குச் சொல்ல விரும்புவதை எழுதிப் பார்ப்பது. பத்தும் நிரம்பினால் பலகை வாங்குவது, நடுவில் நின்றால் பலகைப் பணத்துக்கு ஒரு மூட்டை கூடுதலாக உளுந்து பிடிப்பது. இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டார்கள். மருமகன் ஊருக்குப் போய்விட்டார்.

முதல் தாளில் பழைய அரிசிக்குத் தண்ணீர் அளவு வந்தது. அது அன்றே அரிசி மூட்டையின் மேல் கிளிப் போட்டு மாட்டப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவதில் புளி. மூன்றாவதில் பெருங்காயம், சற்றுக் கோபமான நடையில். நான்காவதில் 'லோடு வந்தது. நேரம் இல்லை' என்று இருந்தது. இதைத் தேய்ந்திறுதலின் தொடக்கம் என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

ஐந்தாவது தாள் அந்தக் குறிப்பை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது. பின்புறம் முழுவதும் நெருக்கி எழுதியிருந்தது. சுருக்கெழுத்து இல்லை, எல்லாப் பெயரும் முழுதாக, ஒற்றுப் பிழை கூட இல்லாமல். தெருவில் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல், வீட்டு அடையாளத்தோடு, தொகையோடு. "இத எழுதிப் போட்டா படிப்பாங்கல்லா தம்பி?" என்றார் அண்ணாச்சி.

படிப்பார்கள். தெரு முழுவதும் நின்று படிக்கும்; தமிழாசிரியரும் பிழை தேட மறந்து படிப்பார். கேட்போரும் பயனும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்திய எழுத்து, இவ்வாராய்ச்சி முழுவதிலும் அது ஒன்றுதான். வாரந்தோறும் யாராவது பாக்கியைக் கட்டிவிட்டு, தம் பெயரை அழித்தாயிற்றா என்று நின்று பார்த்துவிட்டே போவார்கள் என்பதால், அழிக்க ஆள் இல்லை என்ற குறையும் நீங்கும். ஆயினும் பட்டியலில் ஏழாவது பெயரைப் படித்தபின், கரும்பலகை தற்போதைக்கு வேண்டாம் என்றே ஆய்வாளர் முடிவுரைத்தார். மாதப் பிறப்பில் சம்பளம் வந்ததும் இது குறித்து விரிவான மறு ஆய்வு மேற்கொள்ளப்படும்.